எந்த எமிலி டிக்கின்சன் உங்கள் கையில்?

எமிலி டிக்கின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர். திருகோணமலையில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளிடம் புழங்குவது பெரும்பாலும் போட்டோக்கொப்பி டிக்கின்சன். யாரோ இணையத்தில் இறக்கி, யாரோ அச்சிட்டு, பத்துக் கை மாறி வந்த தாள். அது எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று கேட்பார் இல்லை. இந்தக் கவிஞர் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மரணம் வண்டியோடு வந்து ஒரு பெண்ணை ஏற்றிப்போகும் அந்தப் பிரபலமான கவிதையை எடுங்கள். மேலே 'தேர்' என்ற பொருளில் ஒரு தலைப்பு இருக்கிறதா? இருந்தால் அது, அவர் இறந்தபின் மற்றவர்கள் திருத்தி வெளியிட்ட 1890ஆம் ஆண்டுப் பதிப்பின் பாடம். டிக்கின்சன் அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. அடுத்து, நாலடிப் பத்திகளை எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டும், 1890இல் ஐந்துதான். காணாமல் போனது நான்காவது. 'இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்தது' என்று பேசுபவள் திருத்திக்கொள்ளும் இடம் அது. பனி இறங்கி, மெல்லிய ஆடைக்குள் குளிர் ஏறுகிறது. தான் செத்துவிட்டோம் என்று அவள் உடம்புக்கு முதலில் தெரிவது அங்கேதான். அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் இதமான மாலைச் சவாரி.

அதே கவிதையில் 'நிலம்' என்ற ஒரே சொல்லை இரண்டு அடிகளின் முடிவிலும் வைத்து இயைபாக்கியிருந்தார். பதிப்பித்தவர்களுக்கு அது பிழையாகப் பட்டது. ஒன்றை 'மேடு' ஆக்கினார்கள். இடைவேளையில் வட்டத்துக்குள் போட்டியிட்ட பள்ளிப் பிள்ளைகளை, பாடம் முடிந்து விளையாடும் பிள்ளைகளாக மாற்றினார்கள்.

இந்தத் திருத்தப் பாடமே எங்கும் கிடைப்பதற்குக் காரணம் பதிப்புரிமை. 1890, 1891, 1896 தொகுதிகள் உரிமை தீர்ந்தவை, யாரும் எடுத்துப் போடலாம். கையெழுத்துப்படியைப் பார்த்துச் செம்மையாக வந்த தாமஸ் ஜான்சனின் 1955 பதிப்புக்கும் ரால்ஃப் ஃபிராங்க்ளினின் 1998 பதிப்புக்கும் ஹார்வர்ட் உரிமை கொண்டாடுகிறது. இலவசத் தளங்களும் மலிவுப் புத்தகங்களும் எதை எடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. பிறப்பு 10 டிசம்பர் 1830, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆமர்ஸ்ட். இறப்பு அதே ஊரில், 15 மே 1886. அப்பா எட்வர்ட் வழக்கறிஞர், 1853 முதல் 1855 வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். அண்ணன் ஆஸ்டின், தங்கை லவினியா. மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்விக்கூடத்தில் 1847–48இல் படித்தார், ஓராண்டோடு திரும்பிவிட்டார். வெள்ளையுடை, பூட்டிய கதவு என்ற படம் பிற்காலத்துக்குத்தான் பொருந்தும். 1855இல் வாஷிங்டனும் பிலடெல்பியாவும் போயிருக்கிறார். 1864, 1865இல் கண் வைத்தியத்துக்காகப் பாஸ்டன் பக்கம் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். அவர் உயிரோடிருக்கையில் அச்சேறியவை பத்துக் கவிதைகள், அவற்றில் ஒன்றிலும் பெயர் இல்லை. ஃபிராங்க்ளின் எண்ணிக்கையில் மொத்தம் 1,789.

அவர் கவிதையைச் சேர்த்துவைத்த முறை ஏட்டுச்சுவடி தெரிந்த நமக்கு எளிதில் விளங்கும். 1858 அளவில் தொடங்கினார். கடிதத் தாள்களை மடித்த நிலையிலேயே வாங்கி, நான்கைந்து தாள்களில் கவிதைகளைத் துப்புரவாகப் பிரதி செய்வார். கொப்பி தைப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு துளை குத்தி நூலால் கட்டுவார். இப்படி 40 கட்டுகள், அவற்றுள் 800க்கு மேற்பட்ட கவிதைகள். அவர் இறந்தபின் பதிப்பு வேலைக்காக நூலைக் கழற்றியதில் வரிசை குலைந்தது. கறை எங்கே படிந்தது, துளைக்குத் துளை பொருந்துகிறதா என்று பார்த்து ஃபிராங்க்ளின் மறுபடி அடுக்கி, 1981இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார்.

பாடபேதம் என்றால் நமக்கு ஏடு எழுதியவர் கைப்பிழை நினைவுக்கு வரும். டிக்கின்சனிடம் பாடபேதம் கவிஞரே வைத்தது. ஒரு சொல்லின் மேல் சிறு கூட்டல் குறி போட்டு, கவிதையின் அடியில் மாற்றுச் சொல்லை எழுதி வைப்பார். பெரும்பாலும் எதையும் அடிக்க மாட்டார். அதனால் பழைய பதிப்பில் வேறுபடும் ஒவ்வொரு சொல்லையும் பதிப்பாசிரியர் தலையில் கட்டக்கூடாது. 'நான் ஒருத்தருமில்லை! நீ ஆர்?' கவிதையில் 'விளம்பரப்படுத்திவிடுவார்கள்' என்றும் 'துரத்திவிடுவார்கள்' என்றும் இரண்டு பாடம் சுற்றுகிறது. இரண்டும் அவர் கையெழுத்தில் உள்ளவை. ஆனால் தவளை தன் பெயரைச் சொல்வது 'ஜூன் முழுக்க' என்பதை 'நாள் முழுக்க' ஆக்கியது 1891 பதிப்பின் வேலை.

அந்த ஜூன் திருகோணமலை வாசகருக்கு இடறும். ஜூனில் இங்கே கச்சான் காற்றும் வெக்கையும், தவளைக்கு வாயே இல்லை. அவை கத்துவது கார்த்திகை, மார்கழியில். ஆமர்ஸ்டில் ஜூன் என்பது கோடையின் தொடக்கம், சதுப்பு முழுக்க இரைச்சல். மொழிபெயர்க்கிறவர் 'மாரி முழுக்க' என்று போடலாம், காதுக்கு உடனே எட்டும். நான் ஜூனையே விட்டு ஓர் அடிக்குறிப்புப் போடும் கட்சி.

மரணக் கவிதையைத் தமிழாக்கினால் இன்னும் சிக்கல். அங்கே மரணம் மரியாதை தெரிந்த ஆண். தமிழில் 'மரணம்' அஃறிணை, 'வந்தது' என்றுதான் முடியும். எமன் அல்லது காலன் என்றால் உயர்திணை கிடைக்கும், கூடவே எருமையும் பாசக்கயிறும் வந்துவிடும். வண்டியை நிறுத்தி இறங்கிவந்து அழைக்கும் ஆளை எருமைமேல் ஏற்ற முடியாது. 'மரணம்' என்று சொல்லிவிட்டு 'வந்தார், நின்றார்' என்று பன்மை விகுதி போடுவதுதான் ஓரளவு ஒத்துவருகிறது. ஒலி முற்றாக இழப்புத்தான். அவர் பெரும்பாலும் 8, 6, 8, 6 அசை என்ற தேவாலயப் பாட்டு அளவில் எழுதினார், அடிக்கடி இயைபை அரைகுறையாக விட்டார். எதுகையையும் மோனையையும் அடியின் தொடக்கத்தில் தேடிப் பழகிய காதுக்கு அடிமுடிவில் வரும் அந்தப் பாதி இயைபு பிடிபடாது. 'அமேசிங் கிரேஸ்' மெட்டில் ஒரு கவிதையைப் பாடிப் பாருங்கள், இயைபு எங்கே நழுவுகிறது என்று கேட்கும்.

நிறுத்தக்குறி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. 1866 பெப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் நாளிதழ் அவருடைய பாம்புக் கவிதையை வெளியிட்டபோது மூன்றாம் அடி முடிவில் ஒரு கேள்விக்குறியைச் செருகியது. மூன்றாமடியும் நான்காமடியும் ஒன்றே, தன் கவிதை தன்னிடமிருந்து களவாடப்பட்டது என்று, தான் கவிதைகள் அனுப்பிவந்த எழுத்தாளர் தாமஸ் ஹிக்கின்சனுக்கு எழுதினார். ஒரே ஒரு கேள்விக்குறிக்கு.

கடிதங்களுக்கு வருவோம். கவிதையைவிட இங்கேதான் வாசகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹிக்கின்சனுக்கு முதல் கடிதம் 15 ஏப்ரல் 1862இல் போனது. நான்கு கவிதைகள், தன் செய்யுளுக்கு உயிர் இருக்கிறதா என்ற கேள்வி, கையொப்பம் இல்லை. பெயர் தனியாக ஓர் அட்டையில், சிறிய உறைக்குள். அடுத்த கடிதத்தில், இந்தக் குளிர்காலம் வரை ஒன்றிரண்டைத் தவிரச் செய்யுள் எழுதியதில்லை என்கிறார். அந்தத் தேதிக்குள் நூற்றுக்கணக்கில் எழுதித் தைத்துவைத்தவர் அவர்! கடிதத்தை வாக்குமூலமாக எடுத்தால் இப்படித்தான் வழுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் வைத்து எழுதுவார்.

இன்னொன்று, நமக்குக் கிடைப்பது பாதி உரையாடல். அவருக்கு வந்த கடிதங்களை, அவர் விருப்பப்படி, லவினியா எரித்துவிட்டார். 'எஜமான்' என்று விளிக்கும் மூன்று கடிதங்களும் வரைவுகள்தான், அனுப்பியதற்குச் சான்றில்லை. அந்த ஆள் இன்னார் என்று அடித்துச் சொல்லும் கட்டுரையைக் கண்டால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது சிக்கல், கடிதத்தோடு போன பொருள். பூ, பழம், கேக் எதையாவது அனுப்பி, அதோடு இரண்டு வரி வைப்பார். பொருள் வாடிப்போயிற்று அல்லது தின்று முடிந்தது, வரி மட்டும் மிஞ்சி மறைபொருள்போல் நிற்கிறது. பல நேரம் மறைபொருள் எதுவுமில்லை, பூங்கொத்துத்தான் இல்லை. அவருடைய கறுப்புக் கேக் குறிப்பும் இப்படிப் போன ஒன்றுதான். மாவு, சீனி, பட்டர் தலா 2 இறாத்தல், முட்டை 19, முந்திரிகை வற்றல் 5 இறாத்தல், அரைப் பைந்து பிரண்டி, சாதிக்காய் 2, கராம்பு 5 தேக்கரண்டி, வசவாசி, கறுவா. முட்டையைத் தனியே அடிக்காமல் சேர்த்து, பிறகு கலவையை அடிக்கச் சொல்கிறார். கேக் தட்டில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நத்தாருக்கு ரிச் கேக் போடும் வீடுகளுக்கு இந்த வாசனை புதிதல்ல. செய்வதானால் கால் பங்கு செய்யுங்கள், முழு அளவு நம் வீட்டு அவணில் அடங்காது.

ஒருவருக்கு மட்டும் கடிதமும் கவிதையும் பிரியாமல் போயின: ஆஸ்டினின் மனைவி சூசன், நம் வழக்கில் மச்சாள். பக்கத்து வீடு. 250 கவிதைகள் அளவில் அவருக்குப் போயிருக்கின்றன. ஆனால் 1894இல் மேபல் லூமிஸ் டாட் வெளியிட்ட கடிதத் தொகுதியில் அவர் இல்லை. டாட்தான் கவிதைகளைப் பிரதி செய்து ஹிக்கின்சனோடு பதிப்பித்தவர், ஆஸ்டினின் காதலியும் அவரே. டிக்கின்சனை ஒருநாளும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. சூசனைப் புகழும் ஒரு கவிதை கையெழுத்துப்படியில் மையால் வரிவரியாக அடிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்டின் இறந்தபின் ஒரு துண்டு நிலத்துக்காக லவினியா டாட் மேல் வழக்குப் போட்டு வென்றார். டாட் தன்னிடம் இருந்த தாள்களைப் பெட்டியில் பூட்டினார். அதனால்தான் இன்றும் கையெழுத்துப்படிகள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்திலும் ஆமர்ஸ்ட் கல்லூரியிலுமாக இரண்டாகக் கிடக்கின்றன. குடும்பச் சண்டையின் எல்லைக்கோடு நூலக அட்டவணையில் தெரிகிறது.

2013இல் திறந்த எமிலி டிக்கின்சன் ஆவணத் தளத்தில் இரண்டு பக்கத்துத் தாள்களையும் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். முதலடியைக் கொண்டு தேடுங்கள். ஜான்சன் எண்ணும் ஃபிராங்க்ளின் எண்ணும் வேறு: மரணக் கவிதை ஜான்சனில் 712, ஃபிராங்க்ளினில் 479. தவளைக் கவிதை 288, 260. கட்டுரையில் எண் எழுதினால் யாருடைய எண் என்றும் எழுதுங்கள். கவிதையோடு தரும் ஆண்டு கையெழுத்தின் சாயலை வைத்துக் கணித்தது, பிரதி செய்த ஆண்டைத்தான் காட்டும். 1863க்கு ஃபிராங்க்ளின் 295 கவிதைகள் தருகிறார் என்பதால் அத்தனையும் அந்த ஆண்டில் பிறந்தவை ஆகா. சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் இன்றைய அகராதி உதவாது, அவர் வீட்டில் இருந்த வெப்ஸ்டரின் 1844 பதிப்பைப் பாருங்கள்.

கடிதங்களுக்கு ஜான்சனின் 1958 பதிப்பில் எண்கள் 1,049 வரை போகும். கிறிஸ்டான் மில்லரும் டோனல் மிட்செலும் 2024இல் கொண்டுவந்ததில் 1,304. விலை அதிகம், ஆனால் குறிப்புகளுக்காகவே வேண்டும்.

அவருடைய கடைசிக் கடிதம் தாய்வழி உறவினரான நார்க்ராஸ் சகோதரிகளுக்கு, 1886 மே மாதம். விளிப்பும் பெயரும் போக இரண்டே சொல்: 'திரும்ப அழைக்கப்பட்டேன்'. இறைவனடி சேரும் பக்தி வாக்கியமாக இதை மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு சொல்லும் அப்போது பரபரப்பாக விற்ற ஹியூ கான்வேயின் ஒரு நாவலின் பெயர். அதைப் படித்ததையும், கதை மனதைவிட்டுப் போகவில்லை என்பதையும் அதே சகோதரிகளுக்கு ஓராண்டு முன்பே எழுதியிருந்தார். அண்ணன் மகள் மார்த்தா பின்னர் அந்த இரண்டு சொல்லையும் கல்லறையில் வெட்டுவித்தார்.