அது மேட்டூருங்க, இது வேற

"அது மேட்டூருங்க ஐயா, இது வேற."

ஏப்ரலிலிருந்து இந்த ஒரு வரியைத்தான் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மரியாதைக்கு ஒரு 'ங்க'கூட இருந்தது. படகின் பெரிய மோட்டாரை முடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அமெரிக்காவின் அலபாமாவில், இந்த டென்னசி ஆற்றில் ஒன்பது வருஷமாக மீன்பிடிக் கைடு வேலை பார்க்கிறேன். இதைவிடக் கறாராகப் பலரிடம் பேசியிருக்கிறேன். ஒன்றும் உறுத்தியதில்லை.

அவருக்கு வயது 71. மேட்டூர் அணையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 16 கண் மதகில் ஷட்டர் ஏற்றுவதும் இறக்குவதும் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் செய்த வேலை. நான் பவானிக்காரன். கூடுதுறையில் நான் குதித்து நீந்திய தண்ணீரில் பாதி அவர் கைபட்டு வந்த தண்ணீர். பவானியில் இருந்தவரை, காவிரியில் எப்போது தண்ணீர் வரும், எவ்வளவு வரும் என்பதெல்லாம் எங்களுக்கு மேலே யாரோ தீர்மானிக்கிற விஷயம். அந்த 'யாரோ'வில் ஒருவர் என் படகில் உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் மகன் இங்கே ஹன்ட்ஸ்வில் நகரில் வேலை பார்க்கிறார். அப்பா வந்து ஆறு மாதம் முடியப் போகிறது, அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார், அதற்குள் ஒரு நாள் ஆற்றில் தூண்டில் போட வேண்டும் என்கிறார் என்று போன் செய்தார். வீலர் அணைக்குக் கீழே போகலாம் என்றேன். ஏப்ரலில் ஸ்மால்மவுத் பாஸ் என்கிற மீன் அணையடிக்கு ஏறி வரும். அலபாமாவில் இதுவரை பிடிபட்டதிலேயே பெரிய ஸ்மால்மவுத், பத்தரை பவுண்டு, 1950இல் அங்கேதான் கிடைத்தது. அதுவரை நான் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் படகை இறக்கும்போதே அவர் கரையோரக் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ராத்திரி ஒரு அடி எறங்கியிருக்குது கண்ணு" என்றார். ஈரக்கோடு உலராமல் இருந்தது. நான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் சுவரில் பார்த்துச் சொன்னார். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் ஆப்பில் ஒவ்வொரு அணையிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் போகிறது, அடுத்து எவ்வளவு விடுவார்கள் என்ற உத்தேசக் கணக்கு இருக்கும். அதைக் காட்டினேன். எண்களைப் பார்த்துவிட்டு, "இங்கயும் கியூசெக்தானா?" என்று கேட்டார். ஆமாங்க, விநாடிக்கு இத்தனை கன அடிதான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஆறு மாதமாக மைலும் பவுண்டும் ஃபாரன்ஹீட்டுமாகக் கேட்டு அலுத்துப்போன மனுஷனுக்குச் சொந்தக்காரர் ஒருவரை வழியில் பார்த்ததுபோல் இருந்திருக்கும்.

அணையைப் பார்த்ததும் எண்ண ஆரம்பித்தார். "அறுபது கண்!" என்றார். சரியாக 60தான். 1933இல் தொடங்கி 1936இல் கட்டி முடித்த அணை. மேட்டூரைவிட ரெண்டு வருஷம் இளையது. ஆனால் உயரம் 72 அடிதான். மேட்டூரில் தண்ணீரே 120 அடி நிற்கும். அணைக்கு மேலே வீலர் ஏரியின் மட்டம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஆறடிதான் மாறும் என்று சொன்னபோது நம்பாமல் மகனைப் பார்த்தார். மேட்டூரில் ஒரே வருஷத்தில் எவ்வளவு ஏறி இறங்கும் என்று பார்த்தவருக்கு அது ஏற்ற இறக்கமாகவே படவில்லை.

இந்த ஆற்றில் மீன் பிடிக்கிறவனுக்கு மட்டத்தைவிட ஓட்டம் முக்கியம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை விளக்குவேன். தண்ணீர் மெல்ல ஏறினால் பாஸ் கரைப் புதருக்குள் போகும். இறங்கினால் கரையை விட்டு முதல் பள்ளத்துக்கு நகரும். டர்பைன் ஓடாமல் தண்ணீர் அசையாமல் நின்றால் வாயே திறக்காது. ஓட்டம் வந்தால்தான் ஷாட் என்கிற பொடி மீன் நிலைகுலைந்து அடித்துக்கொண்டு வரும். பாஸ் வேகத்தில் நிற்காது. பாறைக்குப் பின்னால், ஓட்டமும் தேக்கமும் உரசுகிற கோட்டுக்கு உள்பக்கம் தலையை மேலோட்டத்துக்குக் காட்டி நிற்கும். கடந்து போகும் இரையைப் பாய்ந்து எடுத்துவிட்டு நிழலுக்குத் திரும்புகிற மாதிரி திரும்பிவிடும். அந்தக் கோட்டில் தூண்டில் நகர வேண்டும். மேலே போய்த் தொடங்கி, ஓட்டத்தோடு படகை இறக்கிக்கொண்டே, இரையும் அதே வேகத்தில் வர வேண்டும். இதற்கு 'டிரிஃப்ட்' என்போம்.

வழக்கமாக இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரமாகும். அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. "எங்களுக்குத் தெரிஞ்சதுதான். மதகுத் தண்ணி பாறையில மோதித் திரும்பற எடத்துலதான் வலைக்காரன் நிப்பான்" என்றார். ஷட்டர் இறக்கியதும் பாறைக்குழிகளில் மீன் தங்கிவிடுவதையும் ஊரே கூடையோடு இறங்குவதையும் சொன்னார். நாங்கள் பிடித்த பாஸைத் திரும்ப விட்டுவிடுவோம் என்றதும், "அப்பறம் எதுக்குப் புடிக்கறது?" என்று நிஜமாகவே கேட்டார். இதே அலபாமாவில் ரே ஸ்காட் என்பவர் 1972இல் பாஸ் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் வழக்கத்தைக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இது எந்த மீனுக்குச் சொந்தம், கொடுவாவா என்றும் கேட்டார். பாஸ் என்ற பெயரால் நம் ஆட்களுக்கு வருகிற குழப்பம் இது. இது வேறு குடும்பம், வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன். நம் ஊரில் இதற்குச் சொந்தம் கிடையாது. குணத்தில் வேண்டுமானால் விராலைச் சொல்லலாம்.

மூன்றாவது டிரிஃப்டில் அவர் தூண்டிலில் ஒன்று ஏறியது. நல்ல மீன். நாலு பவுண்டு இருக்கும். அவர் கோலை அவசரப்படாமல் பிடித்திருந்தார். ஸ்மால்மவுத் தண்ணீருக்கு மேலே குதித்துத் தலையை உதறும். இரண்டாவது குதியில் முள் கழன்றுவிட்டது. நரம்பு தளர்ந்து விழுந்ததும் அவர் சிரித்தார். "எடம் தெரிஞ்சுபோச்சு. இன்னொரு வாட்டி மேல கொண்டு போ கண்ணு" என்றார்.

அப்போதுதான் அணையில் ஒரு கண் திறந்தது.

முந்தின மூன்று நாள் மேலே மழை. மதியத்துக்கு மேல் கூடுதலாக விடுவார்கள் என்று ஆப்பில் இருந்தது. மணி பத்தரைகூட ஆகவில்லை. முன்னறிவிப்பு மாறுவது இந்த ஆற்றில் சகஜம், மின்சாரத் தேவையையும் மழையையும் பொறுத்தது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். மதகு அசைந்தால் நான் அணையடியில் இருக்க மாட்டேன். கீழே ஒரு மைல் இறங்கிவிடுவேன். தூண்டிலைச் சுற்றுங்கள் என்றேன்.

அவர் சுற்றவில்லை. அணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கண்ணுதான் தூக்கியிருக்கறான். அதுவும் அந்தக் கோடி. அடுத்ததத் தூக்க அர மணி நேரம் ஆகும். கீழ தண்ணி நெலைக்கு வரணுமில்ல? அதுக்குள்ள ஒருக்காப் போய்ட்டு வந்துரலாம்."

அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நிதானமாக நரம்பைச் சுற்றி, முள்ளைக் கோலின் வளையத்தில் மாட்டி, கோலை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கீழே போய் ஒரு தீவின் மறைவில் படகை நிறுத்தினேன். அங்கிருந்து அணை தெரியும். அவர் முதுகு என் பக்கமாக இருந்தது. அடுத்த கண் திறந்தபோது அவர் இடது கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் என் போனில் மணி பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் இருந்தோம். ஒரு டிரம் மீன் கிடைத்தது. பாஸ் கிடைக்கவில்லை. மகன் பேசியதைவிடக் கூடுதலாகவே பணம் கொடுத்தார்.

நான் செய்ததில் என்ன தப்பு என்று கேட்டால் என்னால் வரிசையாகப் பதில் சொல்ல முடியும். அலபாமாவில் நீர்மின் அணைக்குக் கீழே 800 அடிக்குள் படகில் இருக்கிற ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. காரணமில்லாமல் போட்ட சட்டமல்ல. அந்தக் கொந்தளிப்பில் விழுந்தவனைத் தண்ணீர் அணைச்சுவர்ப் பக்கமாகவே இழுக்கும். நீந்தத் தெரிந்தாலும் பயனில்லை. படகில் இருக்கிற உயிர்களுக்கு நான் பொறுப்பு, லைசென்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது. 71 வயதுக்காரர் கால் வழுக்கி விழுந்திருந்தால் அந்த மகனிடம் என்ன சொல்லியிருப்பேன்? அரை மணி நேரம் என்று அவர் சொன்னது மேட்டூர் வழக்கம். இங்கே என்ன வழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே நான் சொன்னது உண்மைதான். அது மேட்டூர், இது வேறு.

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

மே மாதம் மறுபடி மழை. அன்று என் படகில் இருந்தவர் வருஷத்துக்கு ஆறேழு முறை வருகிற ஒரு வாடிக்கையாளர். இந்த ஊர்க்காரர், பெரிய நிறுவனத்தில் மேலதிகாரி, அறுபதைத் தாண்டியவர், நீச்சல் தெரியாதவர். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தபோது மதகு அசைந்தது. "இன்னும் ஒன்று போகலாமா?" என்றார். நான் அணையைப் பார்த்தேன். ஒரு கண், கோடியில். சரி என்றேன். ஒன்று இல்லை, இரண்டு டிரிஃப்ட் போனோம். இரண்டாவதில் அவருக்கு ஐந்து பவுண்டு மீன் கிடைத்தது. போட்டோ எடுத்தோம், மீனை விட்டோம், கீழே இறங்கினோம்.

வீட்டுக்குப் படகை இழுத்துக்கொண்டு வரும் வழியில்தான் உறைத்தது. அணையைப் பார்த்து நான் போட்ட கணக்கு அந்தப் பெரியவருடையது. ஒரு கண், கோடியில், அரை மணி நேரம். அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்து இன்னொருவருக்கு மீன் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு மறுத்ததை.

அப்படியானால் ஏப்ரலில் என்னைக் கீழே இறக்கியது விதி அல்ல. பிறகு எது? மகன் முன்னால் இந்தப் படகில் முடிவு யாருடையது என்று காட்ட நினைத்தேனா? தெரிந்த தமிழில், தெரிந்த தோரணையில் ஒருவர் வந்து என் ஆற்றை எனக்குச் சொன்னது பிடிக்கவில்லையா? மே மாதம் அந்த உள்ளூர் வாடிக்கையாளர் கேட்டபோது எனக்கு அது ஆசையாகத் தெரிந்தது. இவர் சொன்னபோது மட்டும் ஏன் குறுக்கீடாகப் பட்டது? யோசிக்க யோசிக்க என் மேல் கோபம் வருகிறது. உடனே இன்னொரு பக்கம், வயதான மனிதரைப் பத்திரமாகக் கரை சேர்த்ததற்கா இவ்வளவு குற்ற உணர்ச்சி என்றும் தோன்றுகிறது. தப்பு மே மாதம் செய்தது, ஏப்ரலில் அல்ல என்று வாதம் பண்ணிப் பார்க்கிறேன். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதுகும் வாட்சும் நினைவுக்கு வந்தால் வாதம் நிற்பதில்லை.

"ஐயா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம், ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று சொல்லியிருக்கலாம். படகு அப்போதும் கீழேதான் இறங்கியிருக்கும், மீனும் கிடைத்திருக்காது. அதைச் சொல்ல எனக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

மேயிலிருந்து தினப்படி நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. மதகு திறக்கிற நாளில் முதல் கண்ணுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை நிமிடம் என்று கீழே தீவு மறைவிலிருந்து குறித்துக்கொள்கிறேன். அதிக நாட்கள் கிடைக்கவில்லை. ஏப்ரலில் பார்த்த முப்பத்தைந்துக்கு அடுத்த வரிகளில் நாற்பது, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. பிறகு ஒரு நாள் ஒன்பது நிமிடம். அன்று அணையடியில் இருந்திருந்தால் டிரிஃப்டின் நடுவில் மாட்டியிருப்போம். அந்த ஒன்பதை எழுதும்போது சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். நான் சொன்னதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதே. சந்தோஷம் வரவில்லை. அவரிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வார் என்றுதான் தோன்றியது. மேலே என்ன நடந்திருக்கும், ஏன் அவ்வளவு சீக்கிரம் தூக்கினார்கள் என்பதை அவர் பார்த்தே சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் மகனிடமிருந்து செய்தி வந்தது. அப்பா நவம்பரில் மறுபடி வருகிறார், ஆற்றுக்குப் போக வேண்டுமாம், வீலர் அணைக்கே போகலாமா என்று கேட்கிறார். 'தண்ணீரைப் பொறுத்துச் சொல்கிறேன்' என்று தட்டினேன். எல்லா வாடிக்கையாளருக்கும் நான் அனுப்புகிற வரிதான் அது. அழித்துவிட்டேன். அவர் நம்பரை அனுப்புங்கள், நானே ஐயாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று எழுதினேன். நம்பர் வந்துவிட்டது. இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே விடிகாலை. லஸ்கர் வேலை பார்த்தவர் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பார். இன்னும் கூப்பிடவில்லை.