மெத்தடோன் கவுண்டர் நாட்குறிப்பு: மார்ச் 2025

மார்ச் 3

ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக, அதற்குப் பதிலாகத் தினமும் குடிக்கத் தரும் மருந்து மெத்தடோன். இந்தியாவில் கிடைக்கும் மெத்தடோன் சிரப்பில் 1 மி.லி.க்கு 5 மி.கி. மருந்து. புதிதாகச் சேர்பவருக்கு 20 மி.கி. எழுதியிருந்தால் ஊற்ற வேண்டியது 4 மி.லி. இங்கிலாந்தில் அதிகம் புழங்கும் கரைசலில் 1 மி.லி.க்கு 1 மி.கி.தான்; அமெரிக்காவின் செறிவான கரைசலில் 10 மி.கி. வேறு இடத்திலிருந்து மாறி வரும் ஒருவர் "எனக்கு 30 தருவாங்க" என்றால், அது மில்லியா மில்லிகிராமா என்று கேட்காமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. 30 மி.கி.க்குப் பதில் 30 மி.லி. ஊற்றினால் உள்ளே போவது 150 மி.கி. சீட்டிலும் பதிவேட்டிலும் இரண்டு அளவுகளையும் எழுதுவதுதான் வழி: 20 மி.கி. / 4 மி.லி.

மார்ச் 4

முதல் நாளைவிட மூன்றாம் நான்காம் நாள்தான் ஆபத்தானது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. கணக்குப் போட்டுக் காட்டினால் புரியும்.

உடலில் மருந்து பாதியாகக் குறைய 24 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 மி.கி. குடிப்பவரின் உடலில், குடித்த உடனே இருக்கும் அளவு முதல் நாள் 20. மறுநாள் மிச்சமுள்ள 10 சேர்ந்து 30. பிறகு 35, 37.5 என்று ஏறி 40-ஐ நெருங்கும். சிலருக்குப் பாதியாகவே 48 மணி நேரம் ஆகும். அவர்களுக்கு அதே 20 மி.கி. மெல்லச் சேர்ந்து 68 வரை போகும். சீட்டில் அளவு மாறவே இல்லை. உடலுக்குள் மூன்று மடங்குக்கு மேல். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது.

அதனால்தான் முதல் வாரம் ஒவ்வொரு நாளும் கூட்டுவதில்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் முதல் நாளுக்குப் பொதுவாக 20 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்றது. அமெரிக்காவின் 2024 விதிகள் முதல் நாளிலேயே 50 மி.கி. வரை அனுமதிக்கின்றன. அங்கே தெருவில் கிடைப்பது ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில், 20 மி.கி. அதற்கு முன் நிற்காது. இங்கே ஸ்மாக் (கலப்பட ஹெராயின்) இழுப்பவருக்கு அந்த எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

மார்ச் 6

கவுண்டரில் வரிசை முறை: முதலில் முகம், அடையாள அட்டை. பிறகு இரண்டு வாக்கியமாவது பேச வைக்க வேண்டும். நா குழறுகிறதா, கண் சொருகுகிறதா, சாராய வாடை இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் டோஸை நிறுத்தி உட்கார வைத்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குடித்த பிறகு கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொல்லி, மறுபடி பேச வைக்க வேண்டும். வாயில் ஒதுக்கி வெளியே விற்கப்பட்ட டோஸ், பழக்கமே இல்லாத இன்னொருவரைக் கொன்றுவிடலாம்.

வாந்தி எடுத்தால்: ஊழியர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் என்றால் திரும்பத் தரலாம்; 15 முதல் 30 வரை பாதி; அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம்.

மார்ச் 8

முந்தாநாள் விட்டுப்போனது: வராத நாட்கள். ஒன்றிரண்டு நாள் தவறினால் பழைய அளவே. மூன்று நான்கு நாள் என்றால் பாதியளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஆனால் புதியவர் மாதிரிதான், மறுபடி 20. ஜெயிலிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ திரும்புபவர் "பழைய 90 போடுங்க" என்று கெஞ்சுவார். அந்த 90-ஐத் தாங்கிய உடம்பு இப்போது இல்லை.

மார்ச் 11

டிபி மருந்து. ரிபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள், ஹெராயினை விட்டபோது வந்த கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், கால் குடைச்சல் எல்லாம் திரும்பும். "ஏமாற்றிக் கூடக் கேட்கிறான்" என்று திட்டுவது நம் பக்கத்துப் பெரும் பிழை. நடைமுறையில் நடப்பது: நோயாளி டிபி மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவார், ஏனென்றால் உபாதை அதிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அதனால் டிபி மையத்துடன் முன்கூட்டியே பேசி, அறிகுறி பார்த்து மெத்தடோனைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறு மாதம் கழித்து ரிபாம்பிசின் நிற்கும்போது இறக்க மறந்தால் எதிர்ப்பக்க ஆபத்து. கூட்டிய அன்றே, குறைக்க வேண்டிய தேதியையும் அட்டையில் எழுதிவிடுவது நல்லது. வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயினும் இதே வேலையைச் செய்யும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் நேர்மாறு, உடலில் மெத்தடோன் அளவை ஏற்றிவிடும்.

மார்ச் 13

நாளை ஹோலி. மெத்தடோனுக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. கவுண்டர் திறந்தாக வேண்டும். தனியாகச் சொல்ல வேண்டியது சாராயம், தூக்க மாத்திரை இரண்டையும் பற்றி. மெத்தடோனோடு சேர்ந்தால் மூச்சை அடக்குபவை இவை. குடிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. குடித்துவிட்டால் தனியாகத் தூங்காதே, கூட இருப்பவர் உன்னை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், வழக்கமில்லாத கொர்... கொர் என்ற குறட்டை கேட்டால் உலுக்கி எழுப்பட்டும் என்றும் சொல்ல வேண்டும்.

அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பும் மாற்று மருந்தான நலாக்சோன் 0.4 மி.கி. ஊசி போட்டு மூச்சு திரும்பியதும் வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு பிழை. நலாக்சோன் ஒன்றரை மணி நேரத்துக்குள் வலுவிழக்கும். மெத்தடோன் ஒரு நாளைத் தாண்டியும் உள்ளே இருக்கும். மறுபடி மூச்சு நிற்கலாம். ஆஸ்பத்திரியில் கண்காணிப்பு கட்டாயம்.

மார்ச் 17

சிறுநீரில் ஹெராயின் வந்தால் சிகிச்சையிலிருந்து நீக்குவது என்ற வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. சர்க்கரை கூடியதற்காக இன்சுலினை நிறுத்துவதுபோல. முதலில் கேட்க வேண்டியது அளவு போதுமா என்று. 40 மி.கி.யில் மாதக்கணக்கில் நிற்பவர் மாலையில் ஸ்மாக் தேடுவதில் வியப்பில்லை. பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 120 தேவைப்படும். மெத்தடோன் சிகிச்சைக்கு வழிவகுத்த மருத்துவர்கள் டோலும் நைஸ்வாண்டரும் 1965-இல் நியூயார்க்கிலிருந்து எழுதிய கட்டுரையிலேயே போதுமான அளவு என்பதுதான் மையம். 100-ஐத் தாண்டும்போது ஈசிஜி எடுக்க வேண்டும். அதில் இதயத் துடிப்பின் ஒரு பகுதிக்கான நேரத்தைக் காட்டும் க்யூடிசி 500 மில்லி விநாடியைத் தாண்டினால் அளவையும் கூட எடுக்கும் மருந்துகளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஊசி போடுவதை நிறுத்தாதவருக்கும் டோஸ் உண்டு, புது ஊசியும் உண்டு. இரண்டையும் ஒரே ஜன்னலில் தந்தால் ஊசியைப் பகிர்வதால் பரவும் ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கும் அழைக்கலாம்.

மார்ச் 19

"எப்போ நிறுத்தலாம்?" என்பது வீட்டார் கேள்வி. நோயாளி கேட்கும்வரை காத்திருப்பது நல்லது. குறைப்பதானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 5 சதவீதம், 30 மி.கி.க்குக் கீழே இன்னும் மெதுவாக. இடையில் தூக்கம் கெட்டு, ஏக்கம் திரும்பினால் அங்கேயே நிற்கலாம், ஏற்றவும் செய்யலாம். அதற்குக் காரணம் கேட்டுப் படிவம் நிரப்பத் தேவையில்லை.