இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு ஒரு நேரலை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையிலிருந்து, பேய்ப்படங்களைப் பற்றி மட்டும் யூடியூபில் நேரலை நடத்திவருகிறேன். புதிய படம் வெளியாகும் வாரங்களில் சில நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து உட்காரும் அளவுக்கு அது வளர்ந்திருப்பதால், இதே வேலையில் இறங்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் சிலர் வழி கேட்கிறார்கள். கேமரா, மைக் என்றுதான் அவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் எந்த நேரத்தில் பேசுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கூட்டம் சேர்ந்ததற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் படம் வெளியானால், சென்னையில் இருப்பவர்கள் இடைவேளையிலேயே கருத்தைப் பதிவிட்டுவிடுகிறார்கள். கடலூரில் காலைக் காட்சி பார்த்து, வீட்டுக்கு வந்து, விளக்குப் போட்டு உட்காருவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். அந்தப் பந்தயத்தில் நான் ஓடுவதே இல்லை. படம் தேறுமா என்று மட்டும் அறிய விரும்புபவருக்கு எட்டு நிமிடக் காணொளி போதும், அவர் மூன்று மணி நேரம் நம்மோடு இருக்க மாட்டார். நேரலைக்கு உரியவர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குப் போகத் தயங்கிக்கொண்டு கைப்பேசியைத் திறப்பவர். அவர் பேச்சுத்துணை தேடித்தான் வருகிறார், அந்தத் துணை நள்ளிரவில் கிடைத்தால்தான் அவருக்குப் பயன்.

ஆகவே என் முதன்மை நேரலை சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கும். அப்போது துபாயில் 8:30, சிங்கப்பூரில் 12:30. இந்த மாவட்டத்திலிருந்து அந்த இரண்டு ஊர்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய என்பதாலும், மறுநாள் அவர்களில் பலருக்கு விடுமுறை என்பதாலும் முதல் பாதிக் கூட்டத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. உள்ளூர்க் கூட்டம் உச்சத்தைத் தொடுவது 12:30க்கு மேல், இரண்டாம் ஆட்டம் விட்டு வண்டியை உள்ளே நிறுத்திவிட்டு வந்தவர்கள் சேரும்போதுதான். இப்படி ஒரே இரவில் இரண்டு வகைப் பார்வையாளர்கள் வருவதால் ஒரு சிக்கல் உண்டு. முன்னவர்களில் பலர் படத்தை இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள், பின்னவர்களோ முடிவைப் பற்றிப் பேசாமல் தூங்கப் போக மாட்டார்கள்.

இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு மிக எளியது. எனக்குப் பின்னால் சுவரில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று சாதாரண எல்இடி டியூப், மற்றொன்று சாமி படத்துக்கு மேலே போடும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. கதையின் முடிச்சுகளைத் தொடாமல் பேசும் வரை டியூப் எரியும். இரண்டாம் ஆட்டம் விட்டதும், “இனிமேல் கதை பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் விடைபெற்றுக்கொள்ளலாம்” என்று அறிவித்து, ஓரிரு நிமிடம் அவகாசம் கொடுத்து, டியூபை அணைத்துச் சிவப்பு விளக்கைப் போடுவேன். இடையில் எந்த நேரத்தில் எவர் நுழைந்தாலும், அறையின் நிறத்தைப் பார்த்தே இருப்பதா, போவதா என்று முடிவு செய்துகொள்ளலாம். அந்த வெளிச்சத்தில் கேமரா தானாகவே ஒளியைக் கூட்ட முயன்று படத்தைப் பொரிபொரியாக்கிவிடும் என்பதால், ஒளியளவை முன்கூட்டியே கையால் பூட்டிவைக்க வேண்டும். முகத்தில் பாதி இருட்டாகத் தெரிந்தாலும் பேய்ப்பட நேரலைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் பன்னிரண்டு மணி தாண்டியதுமே, “அண்ணா, லைட்ட மாத்துங்க, பாத்தவங்க வந்துட்டோம்” என்று சாட்டில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

சாட்டைக் காப்பது தனி வேலை. முதல் பாதியை நெல்லிக்குப்பத்திலிருந்து சிங்கப்பூர் போய்க் குடியேறிய ஓர் அக்கா பார்த்துக்கொள்கிறார், பின்பாதியைப் புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். கதையை வேண்டுமென்றே உடைப்பவர்களைத் தடுக்க, தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றை யூடியூபிலேயே அமைக்கலாம். நம் ஆட்களில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களே மிகுதி என்பதால், கொலையாளியின் பெயர் ஒன்றே ஒன்று என்றாலும் அதை எழுதக்கூடிய நாலைந்து விதங்களையும் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இந்தப் பட்டியலைத் தயாரிப்பதற்காகவே அந்தத் தம்பி வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் போய்விடுகிறார்.

என்ன பேசுவது என்பதற்கு ஓர் அனுபவக் குறிப்பு உண்டு. “படம் எப்படி?” என்று கேட்டால் சாட்டில் “சூப்பர்”, “மொக்கை” என்ற இரண்டு சொற்களே ஓடும். “எந்த இடத்தில் கண்ணை மூடினீர்கள்?” என்று கேட்டால் ஆளுக்கொரு பத்தி எழுதுகிறார்கள், பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்தார் என்பது வரை. கதையை உடைக்காமலே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியும் என்பதால் டியூப் எரியும் நேரத்துக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலப் படங்களாக இருந்தால் மூல ஒலியில் பார்க்க நான் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போய்விடுவேன். தமிழ் மொழிமாற்றத்தில் பார்த்தவர்கள் சாட்டில் இருப்பார்கள், பேயின் குரல் எதில் அதிகம் அச்சுறுத்தியது என்ற வாக்குவாதம் மட்டுமே அரை மணி நேரம் நடக்கும்.

படம் வெளியாவதற்கு முந்தைய வாரத்து நேரலையை அலட்சியம் செய்யக்கூடாது. முன்னோட்டத்தை ஓட்டிக் காட்டி வியந்துகொண்டிருப்பதை நான் சொல்லவில்லை, அதை எல்லோரும் செய்கிறார்கள். படத்துக்குப் பின்னால் இருக்கும் செய்தியைத் தேடிச் சொன்னால், படத்தின் ஒரு துண்டுகூட இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசலாம். 2024 ஆகஸ்ட் 15 அன்று ‘டிமான்ட்டி காலனி 2’ வெளியானபோது அதே நாளில் ‘தங்கலான்’, ‘ரகு தாத்தா’ ஆகியவையும் வந்ததால் இணையப் பேச்சு மூன்றாகப் பிரிந்திருந்தது. எனக்கோ முந்தைய வாரமே பேச ஒரு செய்தி இருந்தது: சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயருள்ள தெரு உண்மையிலேயே இருப்பதும், அது ஜான் டி மான்டி என்ற பழங்கால வணிகரின் பெயரால் அமைந்தது என்பதும் பலருக்கு அன்றுவரை தெரியாது. 2025 செப்டம்பர் 5 அன்று ‘தி கான்ஜுரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ வந்தபோது, படத்தில் வரும் பேய் ஆய்வாளர்களான எட், லொரெய்ன் வாரன் தம்பதி உண்மையில் வாழ்ந்தவர்கள் என்பதிலிருந்து தொடங்கி, 1970களின் இறுதியில் லண்டனின் என்ஃபீல்டில் நடந்ததாகச் சொல்லப்பட்டவை, வீட்டில் பேய் இருப்பதாகச் சொன்ன பென்சில்வேனியாவின் ஸ்மர்ல் குடும்பம் என்று நேரம் போனதே தெரியவில்லை. வாரன் தம்பதி சொன்னதை ஐயுற்றவர்களின் வாதங்களையும் சேர்த்தே சொல்வேன். பேயை நம்பாதவர்களும் பேய்ப்படம் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் பேச இடம் வேண்டும்.

அந்த முன்வார நேரலையின் முடிவில், சனிக்கிழமை நிகழ்ச்சிக்கான இணைப்பை முன்கூட்டியே உருவாக்கிக் காட்டிவிடுவேன். திட்டமிடப்பட்ட நேரலையின் பக்கத்தில் நினைவூட்டலை அழுத்தி வைத்தவர்கள் தவறாமல் வருகிறார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்த அளவுக்கு நிலைப்பதில்லை.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பேசியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும், கணினியிலிருந்து செய்ய அந்த நிபந்தனை கிடையாது. ஆனால் முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் படம் வெளியாகும் நாளன்று போய் விண்ணப்பிக்கக்கூடாது. தாமத அளவில் ‘குறைந்த தாமதம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன், நாம் பேசியது பத்து நொடிக்குள் போய்ச் சேருகிறது. அதற்கும் கீழே இறக்கினால் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்து 720பி தரத்தில் அனுப்பினாலே போதுமானது. மைக்குக்குப் பெரிய எதிரி மின்விசிறி. கடலூர்ப் புழுக்கத்தில் அதை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்பதால், வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேசும் டைனமிக் மைக்கை வாங்கினேன்.

மின்சாரம் வேறு கதை. ஹாலோவீனை ஒட்டி ஹாலிவுட் பேய்ப்படங்கள் குவியும் அக்டோபரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, ஆக நல்ல படம் வரும் வாரமும் மழை வரும் வாரமும் பல நேரங்களில் ஒன்றாகவே அமைகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்தபோது நேரலையைப் பற்றி நினைக்கவே இடமில்லை. அதன் பிறகு கணினிக்கும் ரூட்டருக்கும் மட்டும் தனியாக ஓர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். வீதியில் மின்சாரம் போனாலும் சிவப்பு பல்பு எரிவது பார்வையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது எதிர்பாராத வரவு.

ஒலி பேய்ப்படத்தின் பாதி உயிர். ஆனால் படத்தின் பின்னணி இசையைச் சில நொடிகள் ஒலிக்கவிட்டாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துக்கொள்ளும், நேரலையே பாதியில் மறைக்கப்படலாம். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், அந்தச் சோதனை சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. ஆகவே ஒலிகளை நானே சேர்த்துவைத்திருக்கிறேன்: அத்தை வீட்டுக் கிணற்று ராட்டினம், எண்ணெய் போடாத கொல்லைக் கதவு, தகரக் கூரையில் விழும் மழை, தேவனாம்பட்டினத்தில் ஆளில்லாத நேரத்து அலை. காட்சியைச் சொல்லிக்கொண்டே போய் உரிய இடத்தில் ராட்டினத்தை மெல்லச் சுழலவிட்டால், சாட் சில நொடி அப்படியே நின்றுவிடுகிறது.

திரையரங்கில் கைப்பேசியில் எடுத்த துண்டுகளை, “போட்டுக் காட்டுங்க அண்ணா” என்று அனுப்புபவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி அப்படிப் பதிவுசெய்வதற்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இதை நேரலையிலேயே சொல்லி, அனுப்பியவரின் பெயரைச் சொல்லாமல், கோப்பை அழித்துவிடுவேன்.

ஓடிடி வெளியீடு ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் மறுபிறவி. 2024 பிப்ரவரி 15 அன்று வெளியான ‘பிரமயுகம்’ மார்ச் 15 அன்றே ஓடிடிக்கு வந்தது, மே 3 அன்று வெளியான ‘அரண்மனை 4’ ஜூன் 21 அன்று வந்தது. அந்த இரவில் சேர்ந்து பார்க்கும் நேரலை நடத்துகிறேன். படத்தை நான் காட்டுவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கணக்கில், நான் எண்ணி முடித்ததும் ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள், என் முகமும் பேச்சும் மட்டுமே திரையில் இருக்கும். விளம்பரத்தோடு பார்ப்பவர்களுக்கு நேரம் விலகிப்போகும் என்பதால், இடைவேளை அட்டை வருமிடத்தில் எல்லோரும் நிறுத்திக் காத்திருந்து மறுபடி சேர்ந்து தொடங்குகிறோம். தனியாகப் பார்க்கப் பயந்து பல மாதங்கள் தள்ளிப்போட்டவர்கள் இதற்குத்தான் வருகிறார்கள், ஒரு முறை வந்தவர்கள் அடுத்த படத்தின் சனிக்கிழமைக்கும் வந்துவிடுகிறார்கள். புதிய சந்தாதாரர்களில் கணிசமானோர் எனக்கு இந்த வழியில் கிடைத்தவர்களே.

படம் எதுவும் இல்லாத வாரங்களில் பார்வையாளர்கள் அனுப்பும் ஊர்க்கதைகளைப் படிக்கிறேன். மாசி மாதத்தில் மயானக் கொள்ளையை ஒட்டி ஏராளமாக வரும். சாமியாடுவதையும் பேய் பிடிப்பதையும் ஒன்றாக்கிக் கேலி செய்யும் கதைகளை மட்டும் ஒதுக்கிவிடுவேன், நம்புகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள்.

வருமானம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 500 சந்தாதாரர்களும், கடந்த ஓராண்டில் 3000 மணி நேரப் பார்வையும், 90 நாளில் மூன்று பொதுப் பதிவுகளும் இருந்தால் சூப்பர் சாட் (பார்வையாளர்கள் பணம் கட்டி அனுப்பும் சாட் செய்தி) போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம், விளம்பர வருவாய்க்கு 1000 சந்தாதாரர்களும் 4000 மணி நேரமும் வேண்டும். முடிந்த நேரலைகளைப் பொதுவில் வைத்திருந்தால்தான் அந்த மணிக்கணக்கு சேரும், மறைத்தாலோ அழித்தாலோ கழிந்துவிடும். முகப்புப் படத்தில் ரத்தத்தைக் கொட்டிவைத்தால் வயதுக் கட்டுப்பாடு விழுந்து பரிந்துரைகள் நின்றுபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூடிய கதவின் படம் ஒன்றே போதுமான அளவு ஆட்களைக் கூட்டிவருகிறது.

படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்யக் கோரி 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, என் பார்வையாளர்கள் என்னைவிட அதிகம் கலங்கினார்கள். நீதிமன்றம் அப்போது தடை விதிக்கவில்லை. விதித்திருந்தால் நிகழ்ச்சியைத் திங்கள் இரவுக்குத் தள்ளியிருப்பேன், சிங்கப்பூர் அக்கா மட்டும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று கணக்குப் பார்த்திருப்பார்.