மெட்டு எங்கிருந்து வந்தது?

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் கீபோர்டு வாசித்து, பாட்டுகளுக்கு இசைக்கோர்ப்பு செய்வது என் வேலை. சினிமாக்காரர்கள் யாரும் எங்களைத் தேடி வருவதில்லை. அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு ஒரு பாட்டு, கிறிஸ்துமஸுக்குச் சபைப் பாடகர் குழுவின் ஆல்பம், புதிதாகத் திறக்கும் ஜவுளிக்கடைக்கு அரை நிமிட விளம்பரம், தேர்தல் வந்தால் பிரசாரப் பாட்டு. மெட்டைப் பெரும்பாலும் அவர்களே போட்டு, போனில் பாடிப் பதிந்து கொண்டு வருவார்கள். நாங்கள் சுருதி பிடித்து, தாளம் கட்டி, இடையிசை சேர்த்துப் பாட்டாக்கித் தருவோம்.

"அந்தப் பாட்டு மாதிரியே வேணும் அண்ணே, கொஞ்சம் மாத்திப் போட்டாப் போதும்" என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களால் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. முடியாது என்று சொல்லிவிடலாம். தானே போட்ட மெட்டு என்று மனதார நம்பிக்கொண்டு, வேறொருவரின் மெட்டோடு வந்து நிற்கிறவர்களிடம்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறேன். அவர்கள் பொய் சொல்வதில்லை. மெட்டும் அவர்களுடையது இல்லை.

ஒரு பையன் கொடைப் பாட்டு ஒன்று கொண்டுவந்தான். நல்ல குரல், நல்ல தாளக்கட்டு. பல்லவியின் முதல் வரியைச் சொல் இல்லாமல் 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் பாடினான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பாறசாலையிலிருந்து கோரஸ் பாட வரும் அக்கா ஒருவர் அன்று கூடத்தில் இருந்தார். இரண்டாவது வரியை அவன் எடுப்பதற்கு முன்பே அவர் முனகத் தொடங்கிவிட்டார். அப்புறம் அவன் பாடியதும் அதுவேதான், கடைசியில் இறங்கும் அந்தக் கமகம் உட்பட.

"மக்ளே, இது பழைய மலையாளப் பாட்டாக்கும்."

"இல்லக்கா, இது எனக்க மெட்டு. ராத்திரி பைக்குல வரும்போ வந்தது."

அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அக்காவும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பையன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டான். விஷயம் அங்கேதான் வெளியே வந்தது. சிறு வயதில் அவனை அதிகம் வளர்த்தது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டி. அந்த வீட்டு அடுக்களையில் திருவனந்தபுரம் வானொலி காலையில் இருந்தே பாடிக்கொண்டிருக்குமாம். அவனுக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டின் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. மெட்டு மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன்னால் திருவிதாங்கூர். கோடு மாறினாலும் காது மாறவில்லை. எல்லையோரக் களியக்காவிளையில் ஒரு டீக்கடையில் நின்றால் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் மாறி மாறி வரும். வில்லுப்பாட்டு, சபைக் கீர்த்தனை, பள்ளிவாசல் விழாப் பாட்டு, கேரளக் கோயிலில் இடைக்கா என்ற தோல்வாத்தியத்தோடு பாடும் சோபான சங்கீதம் எல்லாம் ஒரே காதுக்குள் போகிறது. சொல் புரிந்து கேட்ட பாட்டு பெயரோடு நினைவில் இருக்கும். யார் பாடியது, எந்தப் படம், யாரோடு கேட்டோம் என்பதெல்லாம் கூடவே வரும். சொல் புரியாமல், விளையாடிக்கொண்டே கேட்ட பாட்டுக்கு அப்படி ஒரு அடையாளமும் ஒட்டுவதில்லை. இருபது வருடம் கழித்து அது மேலே வரும்போது வெறும் மெட்டாகத்தான் வருகிறது. முகவரி இல்லாததால் நம்முடையது என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லையோரத்தில் இசை செய்கிற எல்லோருக்கும் இப்படி அரைகுறையாகக் கேட்ட பாட்டுகள் நிறைய உண்டு என்பது என் எண்ணம்.

உளவியலாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆலன் பிரவுன், டானா மர்ஃபி இருவரும் 1989-ல் செய்த ஆய்வில், குழுவாக உட்கார்ந்தவர்கள் ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களை முறை வைத்துச் சொன்னார்கள். பிறகு, அவரவர் சொன்னதை நினைவுகூரச் சொன்னபோதும், புதிதாகச் சொல்லச் சொன்னபோதும், மற்றவர் சொன்னதையே தன்னுடையது என்று சிலர் கொடுத்தார்கள். ஒரே அறையில், அன்றே கேட்டதற்கே இந்த நிலை. அடுக்களை வானொலியில் கேட்டதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் வழக்கைப் பற்றி இசைக்காரர்களுக்குத் தெரியும். அவர் 1970-ல் வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்', ரோனி மேக் எழுதி சிஃபான்ஸ் பெண்கள் குழு பாடி 1963-ல் பிரபலமான 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' பாட்டின் மெட்டு என்று நியூயார்க் நீதிபதி ரிச்சர்ட் ஓவன் 1976-ல் தீர்ப்பளித்தார். ஹாரிசன் வேண்டுமென்றே எடுத்ததாகத் தான் நினைக்கவில்லை என்றும் அந்த நீதிபதியே சொன்னார். அறியாமல் எடுத்தாலும் உரிமை மீறல் உரிமை மீறல்தான் என்பது தீர்ப்பின் சாரம். கடைசியில் கட்டவேண்டி வந்த தொகை 5,87,000 டாலர்.

அந்தத் தீர்ப்பில் பேசப்படும் இரண்டு துணுக்குகளை நம் ஸ்வரத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்று ப க ரி. இன்னொன்று ப த ச த ச. இரண்டும் ஐந்து ஸ்வர ராகமான மோகனத்துக்குள் அடங்குபவை. மோகனத்தில் மெட்டுப் போடுகிற யாரும் இந்த இரண்டையும் தொடாமல் போகமுடியாது. நீதிபதியும் தனித்தனியாக அவை பொதுவானவை என்றுதான் எடுத்துக்கொண்டார். முதல் துணுக்கு அடுத்தடுத்து நான்கு முறை, பிறகு இரண்டாவது துணுக்கு அதேபோலத் திரும்பத் திரும்ப, ஓரிடத்தில் மட்டும் ஒரு குட்டி ஒட்டு ஸ்வரம். இந்த வரிசையும் இந்த அடுக்கும் இரண்டு பாட்டிலும் ஒன்றாக இருந்ததுதான் பிடிபட்டது.

எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது. "ரெண்டும் ஒரே ராகம் அண்ணே, அதான் அப்படித் தோணுது" என்று சொல்லி நிறையப் பேர் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரே ராகம் என்பது குற்றமும் இல்லை, சாக்கும் இல்லை. ஐந்து ஸ்வரத்தில் ஆயிரம் மெட்டுப் போட இடமிருக்கிறது. பாட்டின் எடுப்பு, அதாவது தொடக்கம், தாளத்தில் எங்கே விழுகிறது, எந்த ஸ்வரத்தில் நின்று மூச்சு விடுகிறது, ஒரு துணுக்கை எத்தனை முறை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறது என்று நான் பார்ப்பேன். இந்த மூன்றும் சேர்ந்து இன்னொரு பாட்டோடு பொருந்தினால், ராகத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

அதே பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' மெட்டு கனவில் வந்ததும் உடனே தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. இதை எங்காவது கேட்டிருக்கிறீர்களா என்று பார்த்தவர்களிடமெல்லாம் பாடிக் காட்டிக் கேட்டிருக்கிறார். யாரும் உரிமை கோரி வராத பிறகுதான் தன்னுடையதென்று நம்பினார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் கூடத்திலும் இப்போது அதைத்தான் செய்கிறோம். மெட்டு வந்ததும் தாளத்தையும், கீபோர்டில் ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டையும் (chord) எடுத்துவிட்டு, மெதுவாக, வெறும் தத்தகாரத்தில் பாடச் சொல்கிறோம். எல்லைக்கு இரண்டு பக்கமும் பாட்டுக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பாடிக் காட்டுகிறோம். கூகுளில் மெட்டை முனகித் தேடும் வசதி 2020-ல் வந்தது, அதையும் பயன்படுத்துகிறோம். ஆனால் இணையத்தில் ஏறாத கோயில் பாட்டும் சபைப் பாட்டும் அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு அந்தப் பாறசாலை அக்காதான் வேண்டும்.

இன்னொரு குறிப்பையும் கவனிக்கிறேன். இசை உளவியலாளர் டேனியல் லெவிடின் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னபோது பலரும் மூலப் பாட்டின் சுருதியிலோ அதற்கு மிக அருகிலோதான் பாடினார்கள். சாதாரண ஆட்கள், இசை படித்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. அதனால் ஒருவர் தன் குரலுக்குப் பொருந்தாத சுருதியில் மெட்டைப் பாடி, இறக்கிப் பாடச் சொன்னால் "அப்படிப் பாடுனா பாட்டு மாதிரியே இல்லையே" என்று தடுமாறினால், எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது என் அனுமானம்தான், சட்டம் இல்லை. ஆனால் பலமுறை சரியாக இருந்திருக்கிறது.

அந்தக் கொடைப் பாட்டுப் பையன் பல்லவியை விட்டுவிட்டான். சரணம் அவனுடையது, யாரும் கேட்டறியாதது, பல்லவியைவிட அழகானதும்கூட. சரணத்தின் கடைசி வரியிலிருந்தே ஒரு புதுப் பல்லவி எடுத்துக்கொண்டான்.

கருவி வாசிக்கிற எங்களைப் போன்றவர்களிடம் இந்த மறதி வேறு மாதிரி வரும். ஒருவர் கொண்டுவந்த மெட்டில் ஒரு வரியைத் திருத்திக் கொடுக்கிறோம், இடையிசை சேர்க்கிறோம், நாலு நாள் அதோடு கிடக்கிறோம். ஆறு மாதம் கழித்து முழு மெட்டும் நாம் போட்டது என்று தோன்றத் தொடங்குகிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஸ்டார்க், பெர்ஃபெக்ட் இருவரும் 2006-ல் இதைத்தான் காட்டினார்கள்: மற்றவரின் யோசனையை மேம்படுத்த உழைத்தவர்கள், பிறகு அதைத் தங்கள் யோசனை என்று நினைவுகூர்வது கூடியது. ஒரு சபை ஆல்பத்துக்காக இரண்டு நல்ல நண்பர்கள் இப்படிப் பேச்சை முறித்துக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அவரவர் நினைவில் இருந்த உண்மையை. அதன் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் நாள் பாடிய குரல் பதிவை அப்படியே வைத்திருக்கிறோம். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறோம்.

கடன் வாங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நம்முடைய பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பேர் எத்தனை பாட்டு எழுதியிருக்கிறார்கள்! யாரும் ஒளிக்கவில்லை. காவடிச்சிந்து இயற்றிய அண்ணாமலை ரெட்டியார் பெயரும் அழியவில்லை. எங்களிடம் வருகிறவர்களிடமும் அதையே சொல்கிறேன். மெட்டு வில்லுப்பாட்டிலிருந்து வந்ததென்றால் அப்படியே ஆல்பத்தின் உறையில் போடுங்கள். இசையமைப்பாளர் உயிரோடு இருக்கிறார் என்றால், அல்லது அவர் இறந்து இன்னும் 60 ஆண்டு முடியவில்லை என்றால், நம் நாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள், அப்புறம் பதிவைத் தொடங்கலாம்.