குழாய் எங்கள் கொல்லை வழியாக வரவிருந்தபோது

பாதாள சாக்கடைத் திட்டத்துக்காக எங்கள் கொல்லையின் குறுக்கே 3 மீட்டர் அகலத்தில் வழியுரிமை (குழாய் பதிக்க நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை சொல்ல 30 நாள். முதல் வாரம் கோபத்திலேயே போயிற்று. நான் எழுதிய நாலு பக்கக் கடிதத்தை வக்கீல் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"சாக்கடையே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க சார். எல்லாருக்கும் தேவையான வேலையைத் தடுக்கச் சொன்னா நீதிமன்றத்துல எடுபடாது. ஏன் இந்த வழி, வேற வழி பார்த்தீங்களான்னு மட்டும் கேளுங்க."

அப்படியே கேட்டு, கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்தேன். ஆட்சேபணையில் சொல்லாத ஒன்றைப் பிறகு வழக்கில் புதிதாகக் கிளப்பினால் நிற்பது கடினம் என்றார் வக்கீல்.

அதிகாரிகளிடமிருந்து பதில் வந்தது. தெருவைச் சுற்றிப் போனால் குழாய் 120 மீட்டர் கூடுதலாக நீளுமாம். 250 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதலாக இறங்கும். அது போய்ச் சேர வேண்டிய, முனையில் உள்ள மேன்ஹோலின் அடிமட்டத்துக்கும் கீழே போய்விடும். பம்ப் வைக்க வேண்டிவரும். சரிவைக் குறைக்கச் சொல்லவும் வழியில்லை. கழிவுநீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓடாவிட்டால் கசடு அடியில் தங்கிவிடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று உறைத்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

குழாயின் நீள்வெட்டு வரைபடத்துக்கு (வழி நெடுக அது எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டுவது) விண்ணப்பித்து நகல் வாங்கினோம். சர்வேயர் ஒருவரை வைத்து லெவல் எடுத்தோம், அதாவது உயர மட்டங்களை அளந்தோம். மேன்ஹோலின் அடிமட்டம் வரைபடத்தில் காட்டியதைவிட 70 சென்டிமீட்டர் கீழே இருந்தது! பழைய அளவை யாரும் சரிபார்க்காமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். பம்ப் தேவையே இல்லை.

நீதிமன்றத்தில் போட்ட மனுவில் இந்த அளவுதான் எங்கள் முக்கிய ஆதாரம். எங்கள் மனைக்குள் தோண்டுவதற்கு மட்டும் இடைக்காலத் தடை கேட்டோம், கிடைத்தது. ஏழு வாய்தாவுக்குப் பிறகு, இரு தரப்பும் சேர்ந்து அளந்து ஆட்சேபணையை மறுபடி விசாரிக்கச் சொல்லி உத்தரவு. கூட்டாக அளந்தபோதும் அதே 70 சென்டிமீட்டர். குழாய் தெருவுக்கு மாறியது.

இதற்கெல்லாம் 14 மாதம் ஆனது. எங்களுக்கு அடுத்த தாழ்வான வீட்டில் மழை பெய்தால் செப்டிக் டேங்க் நிரம்பி முற்றத்துக்கு வந்துவிடும். தடையை எவ்வளவு சுருக்கிக் கேட்டாலும், எங்கள் மனையைத் தாண்டித்தான் அவர்களுக்கு இணைப்பு. அந்த வீட்டு அம்மாவிடம் வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு எப்ப தம்பி வரும்?" என்றார்.

மறுவிசாரணையில் நான் கொடுத்த கடைசிக் கடிதம் அவர்களுக்காக எழுதியது. தெருக்குழாய் போட்டு முடித்ததும் முதல் இணைப்பை அந்த வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். கொடுத்தார்கள்.