27 அட்டைகள், இரண்டு பல்புகள்: ஒரு ஏழாம் வகுப்பு நாட்குறிப்பு

4 நவம்பர் 2024, திங்கள்

தீபாவளி முடிந்து இன்று பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்புக்கு இரண்டாம் பருவ அறிவியலில் மின்னோட்டவியல் பாடம். இந்த முறை புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. கரண்ட் என்றால் என்ன என்று பிள்ளைகள் மனதில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அது எனக்குத் தெரிய வேண்டும்.

அதற்காக விடுமுறையில் பிளிக்கர்ஸ் அட்டைகள் 27 அச்செடுத்து வைத்திருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம் இருக்கும். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் செல்போன் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு முறை காட்டினால் போதும், யார் எதைப் பிடித்தார்கள் என்று திரையில் வந்துவிடும். பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். உருவம் ஆளுக்கு ஆள் மாறுவதால் பக்கத்து அட்டையைப் பார்த்துப் பிடிக்கவும் வழியில்லை.

கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டிருந்தேன். அதுதான் தவறு. டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பில் பட்டு அடித்ததில் 11 அட்டைகளைப் போன் படிக்கவே இல்லை. மாலையில் வீட்டில் சாதாரணத் தாளில் மறுபடி அச்செடுத்து, பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டும்போது 2007 நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கப் பரவிய நேரம். பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே தேடி எடுத்துவந்து பாயில் உட்காரும் பிள்ளைகள்; சுவரின் அடியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை. அன்றும் ராத்திரி இப்படித்தான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

6 நவம்பர், புதன்

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில். எது அதிகப் பிரகாசமாக எரியும்? ஏ: மின்கலத்தின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது. பி: அடுத்தது. சி: இரண்டும் ஒரே அளவு. டி: முதல் பல்பு மட்டும்தான் எரியும்.

அட்டைகள் உயர்ந்தன. ஏ 15, சி 8, பி 2, டி 2. சரியான விடை சி.

விடையைச் சொல்லாமல், "பக்கத்துல இருக்கிறவங்களோட பேசுங்க, உங்க விடைதான் சரின்னு அவங்களை ஒத்துக்க வைங்க" என்றேன். ஐந்து நிமிடம் ஒரே சத்தம். பிறகு மறுபடி அட்டை. இந்த முறை சி கூடியிருக்கும் என்று நம்பித்தான் போனைத் தூக்கினேன்.

ஏ 19, சி 7, டி 1. பேசிய பிறகு வகுப்பு இன்னும் தவறான பக்கம் சாய்ந்திருந்தது.

7 நவம்பர், வியாழன்

ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி, வாக்கு, சக மாணவருடன் விவாதம், மறு வாக்கு என்ற இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 வாக்கில் தன் வகுப்பில் தொடங்கினார். அதில் ஒரு கணக்கு உண்டு. முதல் வாக்கில் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை சரியாகச் சொன்னால் விவாதிக்க விடலாம். அதற்குக் குறைந்தால் விவாதம் உதவாது, பாடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். 27-இல் 8 என்பது 30-க்கு ஒரு நூலிழை குறைவு. நான் அவசரப்பட்டுவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கும் இடத்தில் வாய் உள்ளவர்தான் ஜெயிப்பார்.

யார் அந்த வாய்? 6-ஆம் எண் அட்டைக்காரன். (பிள்ளைகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன், அட்டை எண்தான்.) வீட்டில் எட்டு விசைத்தறி. அவனை இன்று வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"டீச்சர், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம், தறிக்கு 1000 யூனிட்டு இலவசம். அதுக்கு மேல போனா பணம் கட்டோணும். கரண்ட் செலவாகலீன்னா எதுக்குங்க பணம் கேக்கறாங்க? முதல் பல்பு கொஞ்சம் செலவு பண்ணிருதுங்க. மிச்சம் இருக்கறதுதானுங்க அடுத்ததுக்குப் போகும்."

இதை மறுத்துப் பேச ஏழாம் வகுப்பில் யாரால் முடியும்? நாமே தினமும் "கரண்ட் செலவு" என்றுதான் சொல்கிறோம். மீட்டரில் ஓடும் யூனிட் ஆற்றலின் அளவு; ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கம்பியில் போகும் மின்னோட்டம் போன அளவு குறையாமல் திரும்பி வருகிறது. ஆனால் இரண்டுக்கும் வீட்டில் ஒரே பெயர். பதினேழு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன், இந்தச் சிக்கல் எங்கே கிடக்கிறது என்று இன்றுதான் ஒரு பிள்ளை வாயால் கேட்டேன்.

முன்பெல்லாம் இந்தப் பாடத்துக்கு ஒரு வீடியோ போட்டுவிடுவேன். 2018 முதல் பாடப் புத்தகத்திலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது, இப்போது பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் வந்துவிட்டது. நல்ல வீடியோக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். வீடியோ ஓடும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து, புரிகிறது என்று எத்தனையோ வருடம் எடுத்துக்கொண்டேன்.

11 நவம்பர், திங்கள்

ஹைடெக் லேப். பத்தில் எட்டு கணினிகள் ஓடின, மூன்று நான்கு பேராக எட்டுக் குழு. இணையத்தை நம்பாமல் ஃபெட் என்ற, கணினித் திரையிலேயே மின்சுற்று அமைத்துப் பார்க்கும் மென்பொருளை முன்பே இறக்கி ஒவ்வொன்றிலும் போட்டு வைத்திருந்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பவுல்டர் வளாகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. தொடங்கியவர் கார்ல் வீமன், அதற்கு முந்தைய வருடம்தான் இயற்பியல் நோபல் பெற்றவர். திரையில் மின்கலம், கம்பி, பல்பு எல்லாம் இருக்கும். இழுத்துப் போட்டு இணைத்தால் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடுவது தெரியும்.

எப்படிச் செய்வது என்று நான் காட்டவில்லை. முதல் பத்து நிமிடம் எல்லாக் குழுவும் மின்கலத்தைக் கொளுத்தின. பல்பே இல்லாமல் இரண்டு முனையையும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஒரே கும்மாளம். நிறுத்தலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். கடைசியில் 21-ஆம் எண் தானாகவே வந்து, "பல்பு நடுவுல இருந்தா தீப்புடிக்க மாட்டேங்குதுங்க டீச்சர், அது கரண்டைத் தடுத்து வெக்குதுங்களா?" என்று கேட்டாள். மின்தடை என்ற சொல்லை நான் இன்னும் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

பிறகு இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைக்கச் சொன்னேன். முதல் பல்புக்கு முன்னால் 0.45 ஆம்பியர், நடுவில் 0.45, கடைசியில் 0.45. எட்டுத் திரையிலும் அதேதான். 6-ஆம் எண் நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்த நேரத்தில் 9-ஆம் எண் எழுந்தாள். "டீச்சர், இதை வரைஞ்சவங்க அப்படி வருமாறு வெச்சிருப்பாங்க. கேம்ல செத்தாலும் திரும்பி வர்றோம்ல, அது மாதிரி. நெசத்துல அப்படித்தான் வருமுங்களா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பும் பெரியவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அவளை என் பக்கத்தில் நிறுத்தி, "நெசத்துல செஞ்சே பாத்துருவோம்" என்று எல்லோருக்கும் சொன்னேன்.

12 நவம்பர், செவ்வாய்

திருச்செங்கோட்டில் மூன்று எலக்ட்ரிக்கல் கடை ஏறி இறங்கினேன். பழைய குண்டு டார்ச் பல்பு கிடைப்பதில்லை, எங்கும் எல்இடிதான். மூன்றாவது கடைக்காரர் பரண் மேல் ஏறி, தூசி படிந்த ஒரு டப்பாவை இறக்கினார். பல கம்பெனி பல்புகள் கலந்து கிடந்தன. எல்லாம் இரண்டரை வோல்ட் என்றார். பதினாறு எடுத்துக்கொண்டேன், பென்டார்ச் செல்லும் பதினாறு.

13 நவம்பர், புதன்

குழுவுக்கு இரண்டு பல்பு, இரண்டு செல். ஐந்து குழுக்களில் ஒரு பல்பு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரிந்தது!

"பாத்தீங்களா! நாந்தான் சொன்னேன்ல!" என்று 6-ஆம் எண் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். கணினி பொய் சொல்லிவிட்டது என்று வகுப்பே ஆர்ப்பரித்தது. காரணம் எனக்குத் தெரியும்: கலந்த டப்பா. ஒரே வோல்ட் எழுதியிருந்தாலும் உள்ளே இழை ஒன்று போல் இல்லை. தொடர் இணைப்பில் தடை அதிகமுள்ள பல்பு அதிகம் ஒளிரும். நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, "எல்லாக் குழுவையும் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். சுற்றிப் பார்த்தார்கள். மூன்று குழுக்களில் முதல் பல்பு பிரகாசம், இரண்டில் அடுத்த பல்பு பிரகாசம். 6-ஆம் எண் இறங்கி உட்கார்ந்தான். மணி அடித்துவிட்டது.

14 நவம்பர், வியாழன்

குழந்தைகள் தின விழா. பாடம் இல்லை. மாறுவேடப் போட்டிக்கு நடுவில் மூன்று பேர் வந்து பல்பைக் கேட்டார்கள்.

15 நவம்பர், வெள்ளி

காலையிலிருந்து மழை. ஆறு பேர் வரவில்லை. வந்தவர்களிடம், "ஏன் ஒரு குழுவுக்கு அப்படி, இன்னொண்ணுக்கு இப்படி? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு மேசையிலிருந்து தள்ளிப் போய் நின்றேன். பேசாமல் நிற்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமான வேலை.

பல்பை இடம் மாற்றிப் போடலாம் என்று சொன்னது 9-ஆம் எண்தான். கழற்றி, இதை அங்கேயும் அதை இங்கேயும் திருகினாள். பிரகாசம் பல்போடு கூடவே போனது. முதல் இடத்தில் இருந்தபோது எரிந்த அதே பளிச்சு இரண்டாவது இடத்திலும். அடுத்தடுத்த பெஞ்சுகளில் எல்லோரும் கழற்றித் திருக ஆரம்பித்தார்கள். "எடத்துல இல்லீங்க, பல்புலதான் இருக்குது" என்றான் ஒருவன். மழைச் சத்தத்தில் யார் என்று தெரியவில்லை.

18 நவம்பர், திங்கள்

17-ஆம் எண்ணின் அப்பா வயர்மேன். மல்டிமீட்டர் கேட்டனுப்பியிருந்தேன், தானே கொண்டுவந்து கொடுத்தார். "டீச்சர், செவப்பு ஒயரை இந்தப் பத்து ஆம்பியர் ஓட்டையில சொருகுங்க, மாத்திச் சொருகினா உள்ள ஃபியூஸ் போயிரும்" என்று பிள்ளைகளுக்கும் காட்டிவிட்டுப் போனார். மகள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முன்னால் 0.21, நடுவில் 0.21, கடைசியில் 0.21. பல்புகள் மங்கலும் பளிச்சுமாக எரிய, மீட்டர் மட்டும் மூன்று இடத்திலும் ஒரே எண். 6-ஆம் எண் தானே எழுந்து வந்து மீட்டரை வாங்கி, மூன்று இடத்திலும் மறுபடி வைத்துப் பார்த்தான்.

"அப்ப எதுக்குங்க டீச்சர் பில்லு?"

நான் வாய் திறப்பதற்குள் அவன் வீட்டுப் பக்கத்துத் தறிக்காரர் மகள், 21-ஆம் எண் சொன்னாள்: "மோட்டாருக்கும் தறிக்கும் நடுவுல பெல்ட்டு சுத்துதுல்ல? பெல்ட்டு என்ன கொறைஞ்சா போகுது? சுத்திச் சுத்தி அதே பெல்ட்டுதான் வருது. துணி நெய்யுறதுக்குத்தான் பில்லு."

நான் சேர்க்க ஒன்றும் இல்லை. கரும்பலகையில் பெல்ட்டை வரைந்து, பக்கத்தில் மின்சுற்றை வரைந்து, "பெல்ட் = மின்னோட்டம், துணிக்கான உழைப்பு = ஆற்றல்" என்று எழுதினேன். தேய்ந்து அறுந்துபோகும் பெல்ட்டைப் பற்றி 6-ஆம் எண் கேட்டான். அங்கே இந்த உவமை நின்றுவிடும் என்று ஒத்துக்கொண்டேன்.

20 நவம்பர், புதன்

மறுபடி அட்டைகள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன்: முழுக்க ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரில், எது அதிகம் எரியும்? 23 பேர் சரியாகப் பிடித்தார்கள். நான்கு பேர் இல்லை. அவர்களில் மூவர் மழை நாளில் வராதவர்கள்.

அந்த மூவரில் ஒருவன் 14. போனில் பழைய பதிவைப் பார்த்தேன். 6-ஆம் தேதி, வகுப்பே ஏ பக்கம் ஓடியபோதும் இரண்டு முறையும் சி பிடித்து நின்றவன் அவன். இன்று ஏ பிடித்திருக்கிறான். வகுப்பில் வாயே திறக்காத பையன். அட்டை இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. 23-ஐப் பார்த்துச் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

மாலையில் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் கண்ணு மாத்திட்ட?" என்றேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்தான். "எங்க குரூப்புல முதல் பல்புதாங்க பளிச்சுன்னு எரிஞ்சுது. நான் பாத்தேன். மீட்டர்ல ஒண்ணா வந்ததையும் பாத்தேன். கண்ணுல பாத்ததை எப்படிங்க இல்லீன்னு சொல்றது?"

21 நவம்பர், வியாழன்

மதிய உணவு முடிந்ததும் அதே இரண்டு பல்புகளையும் செல்லையும் அவனிடம் கொடுத்தேன். இடம் மாற்றிப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தேன். கழற்றினான், மாற்றினான், குனிந்து பார்த்தான். மறுபடி மாற்றினான். நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கையால் மறைத்து, வெயில் படாமல் இழையைப் பார்த்தான்.

அப்புறம் பல்புகளை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு செல்லையும் வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். முதல் பல்பு கடைசிப் பல்பாகிவிட்டது, கடைசி முதலாகிவிட்டது. பளிச்சு எரிந்தது பளிச்சென்றே எரிந்தது. பல்பைக் கழற்றவே தேவையில்லை. எட்டுக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு இதை எல்லாருக்கும் நீ செஞ்சு காட்டறயா?" என்றேன்.

தலையை ஆட்டினான். பிறகு, "பேசோணுங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

"வேண்டாம். செஞ்சு மட்டும் காட்டு."