பால் பாக்கெட்டை எந்தத் தொட்டியில் போடுவது?

குப்பை பிரிப்பதைக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் கைப்பேசி விளையாட்டுகளை என் 5 வயது மகளுக்காகத் தேடியபோது, நான் பார்த்தவற்றுள் பலவற்றில், பொருளை இழுத்து அதே நிறத் தொட்டியில் போட்டால் நட்சத்திரம் கிடைக்கும் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அவற்றில் குழந்தை நிறத்தைப் பார்க்கிறாளே தவிர, குப்பையைப் பார்ப்பதில்லை. நிறமோ ஊருக்கு ஊர் மாறக்கூடியது: ஜெர்மனியில் பெரும்பாலும் நீலத் தொட்டி காகிதத்துக்கு உரியது, சென்னையில் அது மட்காத குப்பைக்கு உரியது.

எனவே நாங்களே ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கினோம். அதற்குப் பயன்பட்டது 2014-இல் வெளிவந்த ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற இலவசச் செயலி. 5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக உருவான இதில் கட்டளைகள் படங்களாகவே இருப்பதால், படிக்கத் தெரியாத குழந்தையும் அவற்றை வரிசையாகக் கோக்க முடிகிறது. வரைந்த உருவத்துக்குள் கேமராவால் எடுத்த படத்தை நிரப்பவும், சொந்தக் குரலைப் பதிவு செய்யவும் முடிகிறது. எங்கள் அடுக்களையின் பால் பாக்கெட், கொட்டாங்குச்சி, வாழைப்பழத் தோல், தீர்ந்துபோன பேட்டரி ஆகியவையே எங்கள் விளையாட்டின் பாத்திரங்கள். பாக்கெட் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அவளே அம்புக்குறிகளால் தீர்மானிக்கிறாள். அது நீலத் தொட்டியில் மோதியதும், "கழுவிக் காயவைத்துப் போடு" என்று அவள் குரலிலேயே தொட்டி பேசுகிறது.

இந்தக் கழுவுதலைத்தான் மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். பால் ஒட்டிய பாக்கெட்டும் சாம்பார் ஊறிய காகிதமும் சரியான தொட்டியில் விழுந்தாலும், மற்ற பொருள்களையும் அழுக்காக்கி மறுசுழற்சியைக் கெடுத்துவிடும். அவற்றைக் கையால் பிரிக்க வேண்டிய தூய்மைப் பணியாளர்களின் சிரமமும் கூடும்.

செயலியில் ஒரு விளையாட்டுக்கு 4 பக்கங்கள் வரை அமைக்கலாம் என்பதால், பாக்கெட்டின் பயணத்தையும் சேர்த்தோம்: அடுக்களை, குப்பை வண்டி, பிரிக்கும் இடம், இறுதியாக நெகிழியைத் துண்டாக்கி உருக்கிக் குறுமணிகளாக்கும் ஆலை. அந்தக் குறுமணிகளிலிருந்து குப்பைப் பைகள் செய்யப்படுவதை அறிந்ததும் அவள் அடைந்த வியப்பை எந்த நட்சத்திரமும் தந்திருக்காது.

திரை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அந்த வயதினருக்கு உண்மையான தொட்டிகளே போதும் என்பது என் எண்ணம்.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு மட்டும் எங்கள் விளையாட்டில் இன்னும் இடம் அமையவில்லை. நெகிழியும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். அதை நீலத் தொட்டி ஏற்றுக்கொண்டாலும், கடைசிப் பக்கத்தில் ஆலைக்குப் பதிலாக எதை வரைவது என்று அவள் கேட்கிறாள். குப்பைக் கிடங்கை வரையலாம் என்று சொல்லியிருக்கிறேன்.